ஆதாரமாய் நின்ற ஆமை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் ஜீவர்களிடத்தில் கொண்ட கருணையினாலே எடுத்தருளிய திருவவதாரங்கள் எண்ணிறந்தவை. அவற்றுள் தசாவதாரங்கள் என்று பெரியோர் கொண்டாடும் பத்தில் இரண்டாவதாக விளங்குவது ஸ்ரீகூர்மாவதாரம். மற்றைய அவதாரங்கள் பலவற்றில் காணாத ஒரு தனிச்சிறப்பு இவ்வவதாரத்துக்கு உண்டு. வராகமாய் வந்தபோது இரணியாட்சனை அழித்தான். நரசிங்கமாய் வந்தபோது இரணியனைப் பிளந்தான். இராமனாய் வந்தபோது இராவணனை முடித்தான். கூர்மமாய் வந்தபோதோ ஒருவரையும் கொல்லவில்லை. ஏந்திய படையும் இல்லை. எதிர்த்து நின்ற பகைவனும் இல்லை. கீழே இருந்து தாங்கினான், அவ்வளவே.

துர்வாச முனிவரின் சாபத்தால் செல்வம் இழந்த தேவர்கள், அமுதம் வேண்டித் திருப்பாற்கடலைக் கடையத் தொடங்கினர். மந்தரமலை மத்தாயிற்று, வாசுகி கயிறாயிற்று, அசுரர் தலைப்பக்கமும் தேவர் வாற்பக்கமும் பற்றினர். வலிமைக்குக் குறைவில்லை, ஊக்கத்துக்கும் குறைவில்லை. ஆயினும் மலை கடலுள் ஆழ்ந்துவிட்டது. காரணம் என்ன? அம்மலைக்கு ஆதாரம் இல்லை என்ற ஒரே காரணத்தைத்தான் ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம் எடுத்துச் சொல்கிறது. அப்பொழுதுதான் எம்பெருமான் பெரியதோர் ஆமையாகி, ஒரு தீவினைப் போல் விரிந்த தன் முதுகில் மலையை ஏந்தினான். கடைவோர் அனைவரும் மேலே இருந்தனர். தாங்கியவனைக் கண்டார் எவருமிலர். அமுதம் பிறந்தது; அமுதினும் இனிய பிராட்டியும் தோன்றி அவன் திருமார்பை அடைந்தாள்.

பேரன் கேட்ட கேள்வி

இக்கதையை மாலை வேளையில் விளக்கேற்றி வைத்துச் சொல்லும் பாட்டியரிடம் இன்று பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. "பெருமாள் ஆமையாய் வந்தார் என்று சொல்கிறாயே பாட்டி. ஆமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாயிற்று என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே. இரண்டில் எது நிஜம்?" என்று பேரன் கேட்கின்றான். பாட்டி திகைக்கின்றாள். கேள்வியைக் கண்டித்தால் குழந்தை கதையையே வெறுத்து ஒதுக்கிவிடுவான். கேள்விக்கு உடன்பட்டால் தான் கைதொழுத தெய்வத்தை விட்டுக்கொடுத்ததாகுமோ என்று அவள் அஞ்சுகின்றாள். அவளுடைய அச்சம் சிறிதன்று. தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை ஒன்று அந்தத் திண்ணையில் நின்று தடுமாறுகின்றது.

இக்கேள்விக்கு விடை தேடுவோர், ஆமையைப் பற்றி அறிஞர்கள் கண்டறிந்தவற்றை அஞ்சாமல் முழுவதும் கேட்டறிதல் வேண்டும். பாதி கேட்டவனுக்கே கலக்கம். முழுவதும் கேட்டவனுக்கு வியப்பு.

அதற்கு முன் ஒரு தடையை நீக்குதல் தகும். ஆமை புகுந்த வீடு விளங்காது என்றொரு பழமொழி நாட்டில் வழங்குகின்றது. அதனால் ஆமையை அமங்கலமாக எண்ணுவோர் பலர். எம்பெருமானே விரும்பி எடுத்த திருமேனி அமங்கலமாதல் எங்ஙனம்? திருவாராதனத்தில் ஆசனம் கற்பிக்கும்போது ஆதார சக்தியையும் கூர்மத்தையும் அனந்தனையும் தியானித்தல் ஆகம மரபு அன்றோ? பழமொழி சொல்லும் ஆமை நான்கு கால் கொண்ட இந்தப் பிராணி அன்று. கல்லாமை, பொறாமை, முயலாமை, அடங்காமை என்று சொல்லின் வாலிலே வந்து ஒட்டிக்கொள்ளும் ஆமைகளே அவை என்று உபந்யாசகர்கள் சொல்வதுண்டு. அந்த ஆமைகள் புகுந்த வீடு விளங்காது என்பதில் ஐயமில்லை.

ஓடு என்பது உடலே

ஆமை தன் ஓட்டைவிட்டு வெளியே வருமோ என்று குழந்தைகள் கேட்பதுண்டு. நத்தையின் கூட்டைப் போலவோ சங்கைப் போலவோ அதனை எண்ணுவதால் எழும் கேள்வி இது. உண்மை வேறு. ஆமையின் ஓடு ஏறத்தாழ 50 முதல் 60 எலும்புகள் இணைந்து அமைந்தது. முதுகோட்டை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தால் நடுவே முதுகெலும்பு ஓடுவதும், அதன் இருபுறமும் விலா எலும்புகள் அகன்று விரிந்து ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதும் கண்கூடாகத் தெரியும். மேலே பளபளப்பாகத் தோன்றும் தகடுகள் மனிதர்களின் நகத்துக்குரிய கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. அவ்வோட்டில் உணர்ச்சியும் உண்டு. தொட்டால் ஆமை அறியும். ஆகவே ஓடு ஆமை குடியிருக்கும் வீடன்று. ஆமையின் உடலே அது.

இன்னும் ஒரு விந்தை. மனிதர், மாடு, பறவை, பல்லி ஆகிய அனைவருக்கும் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு வெளியே அமைந்திருக்கின்றது. ஆமைக்கு மட்டும் அது விலாக்களுக்கு உள்ளே இருக்கின்றது. உள்ளும் புறமும் மாறிய இவ்வமைப்பு எங்ஙனம் வந்தது என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிஞர்களை மயக்கிய புதிர். தோலில் தோன்றிய எலும்புத் தகடுகள் பல ஒன்றுகூடி ஓடாயின, முதலையின் முதுகில் காண்பது போல, என்று ஒரு சாரார் கூறினர். அன்று, விலா எலும்புகளே விரிந்து ஓடாயின என்று மற்றொரு சாரார் மறுத்தனர். முன்னவர் கருத்துப்படி ஓடு புறத்தேயிருந்து வந்து சேர்ந்த கவசம். பின்னவர் கருத்துப்படி அது அகத்தேயிருந்து மலர்ந்த உறுப்பு.

மண் காத்து வைத்த சான்றுகள்

விடையைப் பூமிதேவியே தன் வயிற்றில் பாதுகாத்து வைத்திருந்தாள். கல்லாய்ச் சமைந்த தொல்லெலும்புகளை ஒவ்வொன்றாக அவள் வெளியிட்ட வரலாறு சுவையானது.

1887-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு புரோகனோகெலிஸ் என்னும் பழைய ஆமை விவரிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 21 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதற்கு ஓடு நிறைவாக அமைந்திருந்தது. ஆனால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள அது அறியாது. வெகுகாலம் இதுவே மிகப் பழைய ஆமை என்று கருதப்பட்டது. நிறைவான ஓட்டுடனேயே முதல் ஆமை தோன்றியது போல இருந்ததால் புதிர் அவிழவில்லை.

2008-இல் சீன நாட்டின் குய்சோ மாநிலத்திலிருந்து லி சுன் என்பாரும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய சான்றை வெளியிட்டனர். அதற்கு இட்ட பெயர் ஓடொன்டோகெலிஸ். பல்லுடைய ஆமை என்பது பொருள். ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதற்கு வயிற்றோடு முழுமையாக இருந்தது. முதுகிலோ ஓடு இல்லை. அகன்ற விலா எலும்புகள் இருந்தன. இன்றைய ஆமைகளுக்குப் பல் கிடையாது. அதற்குப் பல் இருந்தது. பாதி ஓடுடைய ஆமை ஒன்று இவ்வாறு உலகின் கண்ணுக்குத் தோன்றியது.

2015-இல் ஜெர்மனியின் வெல்பெர்க் என்னும் ஊரில் கிடைத்த பாப்போகெலிஸ் என்பதை ராய்னர் ஷோக், ஹான்ஸ் டீட்டர் சூஸ் ஆகிய இருவரும் விவரித்தனர். பாட்டனாராகிய ஆமை என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதற்கு முதுகோடும் இல்லை, வயிற்றோடும் இல்லை. விலாக்கள் தடித்து அகன்றிருந்தன. வயிற்றுப்புறத்துச் சிற்றெலும்புகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. வயிற்றோடு உருவாகும் தொடக்கநிலை அது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் கிடைத்த யூனோட்டோசாரஸ் வருகின்றது. ஸீலி என்னும் ஆங்கில அறிஞர் 1892-இலேயே இதற்குப் பெயரிட்டார். ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தப் பல்லி போன்ற பிராணிக்கு ஒன்பது இணை விலா எலும்புகள் அகன்று விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன. தோலில் எலும்புத் தகடு ஒன்றுகூட இல்லை. ஆமையின் குலம் இவ்வழியே வந்தது என்று டைலர் லைசன் முதலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதன் சிறந்த எலும்புக்கூடு ஒன்றை, தன் தகப்பனாரின் பண்ணை நிலத்தில் முதலில் கண்டெடுத்தவன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். கேள்வி கேட்கும் பேரப்பிள்ளைகளை அலட்சியம் செய்தலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணில் கிடைத்த இச்சான்றை முட்டைக்குள்ளும் காணலாம். ஜப்பானில் ஷிகேரு குராடானி என்பாரும் அவருடைய குழுவினரும் ஆமையின் முட்டைக்குள் கரு வளர்வதை நாள்தோறும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் ஆமையின் கருவும் கோழியின் கருவும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கின்றன. பின்னர் ஆமையின் விலாப்புறத்தில் ஒரு வரம்பு எழுகின்றது. மற்ற உயிர்களில் மார்பை நோக்கி வளைந்து இறங்கும் விலாக்கள், ஆமையில் அவ்வாறு இறங்காமல் விசிறியைப் போல் பக்கவாட்டில் விரிகின்றன. விலாப்புறம் உள்ளே மடிய, தோள்பட்டை எலும்பு விலாக்களின் கீழே அடங்கிவிடுகின்றது. கோடி கோடி ஆண்டுகள் நடந்த கதை ஒரு சிறிய முட்டைக்குள் சில வாரங்களில் மறுபடி நிகழ்வது போல் இருக்கின்றது.

ஆக, ஓடு புறத்தே அணிந்த கவசம் அன்று. தன் விலாவையே விரித்து ஆமை பெற்றது அது என்பது தெளிவாயிற்று.

காப்பதற்கு முன் தாங்கியது

அகன்ற விலாக்கள் எதற்காகத் தோன்றின? பகைவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே என்று எவரும் விடை சொல்வர். அறிஞர்களும் நெடுங்காலம் அப்படியே எண்ணினர். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டொரு விலா அகன்றால் உடனே காவல் கிடைத்துவிடாது. நட்டமோ உடனே வந்துவிடும். விலாக்கள் அசைந்து கொடுத்தால்தான் பிராணிகள் மூச்சு விடவும் விரைந்து ஓடவும் முடியும். விலா அகன்று இறுகினால் ஓட்டம் குறையும், மூச்சும் முட்டும். ஓடு நிறைவடையாத காலத்தில் இந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டு அப்பிராணிகள் பெற்ற நன்மை யாது?

2016-இல் லைசனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு விடை கூறினர். யூனோட்டோசாரஸின் முன்னங்கைகள் பெரியவை, வலிமையுடையவை, மண்ணைத் தோண்டுவதற்கு ஏற்றவை. கையால் நிலத்தைத் தோண்டுகின்றவனுக்கு உடல் அசையாமல் ஊன்றி நிற்க வேண்டும். ஊன்றுதல் இல்லையேல் கையின் வலிமை வீணாகும். அகன்ற விலாக்கள் அந்த ஊன்றுதலைத் தந்தன. கைகளுக்கு உறுதியான ஆதாரமாய் நின்றன. காவல் பின்னர் வந்த பயன். ஆதாரமே முதலில் வந்த பயன். இதுவே அவர்கள் கூறிய கருத்து.

ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிர்க்குலங்களில் பெரும்பகுதி மாண்டுபோன ஒரு பேரழிவு, பிரளயம் போல் வந்தது. நிலத்தைத் தோண்டி அதனுள் ஒடுங்கத் தெரிந்திருந்ததே ஆமையின் முன்னோர் அவ்வழிவைக் கடந்து வரத் துணைசெய்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதுகின்றனர்.

மந்தரம் ஏன் ஆழ்ந்தது? ஆதாரம் இன்மையால். எம்பெருமான் ஏன் ஆமையானான்? ஆதாரமாவதற்காக. ஆமையின் முதுகு உலகில் முதன்முதலாக எதற்காக விரிந்தது? ஆதாரமாவதற்காகவே என்று கல்லாய்ச் சமைந்த எலும்புகளைப் படித்தவர்கள் சொல்கின்றனர். கவசத்துக்காக ஆமையைத் தேர்ந்தெடுத்தான் என்று எண்ணினால் அது அவன் பெருமைக்கு ஒவ்வாது. எல்லாவற்றையும் காக்கின்றவனுக்குக் கவசம் எதற்கு? பிறரைத் தாங்குவதற்கென்று விரிந்த முதுகையே அவன் திருவுள்ளம் உகந்தது.

மூச்சும் கடலலையும்

இதனோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டியது மூச்சைப் பற்றியது. விலாவை ஓடாக்கிக்கொண்ட ஆமை மற்றவர்களைப் போல் மார்பு விரிந்து மூச்சுவிட இயலாது. உள்ளே வயிற்றைச் சுற்றி அமைந்த தசைகளைக் கொண்டே நுரையீரலை விரிக்கவும் சுருக்கவும் செய்கின்றது. தாங்குவதற்கென்று விலாவைக் கொடுத்தமையால் மூச்சுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஸ்ரீமத் பாகவதமோ கடைசி ஸ்கந்தத்தின் முடிவில் ஸ்ரீகூர்மமூர்த்தியின் மூச்சையே வாழ்த்துகின்றது. மந்தரமலையின் கற்கள் முதுகில் உராய்ந்தது எம்பெருமானுக்குச் சொறிந்துவிடுவது போல் சுகமாக இருந்ததாம். அதனால் அவன் கண்வளர்ந்தானாம். அப்போது எழுந்த மூச்சுக் காற்றின் வாசனையினாலேயே கடலின் ஏற்றமும் வற்றமும் இன்றளவும் ஓயாமல் நிகழ்கின்றனவாம். பாரம் சுமந்தவன் மூச்சு முட்டி நின்றான் என்று முனிவர் பாடவில்லை. சுமந்த சுகத்தில் உறங்கினான் என்றே பாடினார். ஆமை வருந்திச் சுமப்பது. அவன் உவந்து சுமந்தது. இதுவே ஜீவனுக்கும் ஈச்வரனுக்கும் உள்ள வாசி.

எலும்பும் அவதாரமும்

மீன், ஆமை, பன்றி என்று வரும் அவதார வரிசையே பரிணாம வரிசை என்று மேடைகளில் கூறுவோர் உண்டு. நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுவதாயினும், அதனை நம்பிக்கையின் தூணாக்கிக்கொள்ளுதல் தகாது. இன்று ஓர் ஆய்வு சொல்வதை நாளை மற்றோர் ஆய்வு திருத்தும். ஆய்வின் இயல்பும் அழகும் அதுவே. அதன்மேல் சாய்த்து வைத்த பக்தி, அது நகரும்போதெல்லாம் சாயும்.

சிவாலிக் மலையடிவாரத்தில் ஹியூ ஃபால்கனர், காட்லி ஆகிய இருவரும் மிகப் பெரிய ஆமை ஒன்றின் எலும்புகளை 1830-களில் கண்டனர். அதன் ஓடு ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையது. ஃபால்கனர் 1844-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் முன் அதனை விவரித்தபோது, உலகைத் தாங்கும் ஆமையைப் பற்றிய பாரத நாட்டுக் கதைகள் இத்தகைய பேராமையை மனிதர் கண்ட நினைவாக இருக்குமோ என்றும் ஆராய்ந்தார். பெரிய மனத்தோடு செய்த ஆராய்ச்சி அது. எனினும் அந்த எலும்பு கிடைத்ததனால் கூர்மாவதாரம் மெய்யாயிற்று என்பதும் இல்லை. கிடைக்காதிருந்தால் பொய்யாகியிருக்கும் என்பதும் இல்லை.

ஏனெனில் பரிணாமமும் அவதாரமும் வெவ்வேறு கேள்விகளுக்கு உரிய விடைகள். பூமியில் ஆமைகள் எவ்வாறு உண்டாயின என்பது ஒரு கேள்வி. அதற்குக் கோடி ஆண்டுகளின் கணக்கே விடை. யாவற்றுக்கும் ஆதாரமானவன் தன் அடியார்க்காக எவ்வளவு தூரம் இறங்கி வருவான் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை அவதாரம். ஜீவன் வினையினால் பிறக்கின்றான். எம்பெருமான் இச்சையினால் அவதரிக்கின்றான் என்பது சாஸ்திரத்தின் தெளிவு. பல கோடி ஆண்டுகள் மெல்ல மெல்ல விரிந்த ஒரு முதுகை ஒரு கணத்தில் தனதாக ஏற்றான் என்றால், அவனுடைய எளிமைக்கு எல்லை ஏது? ஆமையின் நீண்ட வரலாற்றை அறிய அறிய அவன் இறங்கிவந்த ஆழமே புலப்படுகின்றது.

மேலும், ஓட்டையும் ஆமையையும் பிரிக்க இயலாது என்று கண்டோம் அல்லவா? ஸ்ரீவைஷ்ணவ சித்தாந்தத்துக்கு இது நல்லதோர் உவமை. சேதனம் அசேதனம் ஆகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டினார். எது ஓர் ஆத்மாவினால் தாங்கப்பட்டும், நியமிக்கப்பட்டும், அதற்கே உரியதாயும் இருக்கின்றதோ அது அந்த ஆத்மாவுக்குச் சரீரம் என்பது அவர் காட்டிய இலக்கணம். உலகம் அவன் கழற்றி வைக்கக்கூடிய போர்வை அன்று. அவனைவிட்டுப் பிரிந்து நில்லாதது. அவ்விலக்கணத்தில் தாங்கப்படுதலும் ஓர் அடையாளம் என்பது கருதத்தக்கது.

அடக்கத்துக்கும் ஓர் ஆதாரம்

ஆமை என்றவுடன் பெரியோர் நினைவுக்குக் கொண்டுவருவது ஐம்பொறி அடக்கம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன், ஆமை தன் அங்கங்களை உள்ளிழுப்பது போல் புலன்களை விஷயங்களிலிருந்து இழுத்துக்கொள்பவனுடைய அறிவே நிலைபெற்றது என்று அருளிச் செய்தான். திருவள்ளுவரும் அடக்கமுடைமை அதிகாரத்தில் அவ்வுவமையையே எடுத்தாண்டார்.

ஆமையின் வரலாற்றில் இவ்வடக்கம் பிந்தி வந்தது. மேலே கண்ட புரோகனோகெலிஸ் ஓடு நிறைந்த பின்னும் தலையை உள்ளிழுக்க அறியாதிருந்தது. ஆதாரம் முதலில் அமைந்தது. அடக்கம் பின்னர் வந்தது. சாதனையிலும் இம்முறையே சிறந்தது என்பதைக் கீதையில் அடுத்து வரும் உபதேசம் காட்டும். உண்ணாதவனுக்கு விஷயங்கள் விலகினாலும் அவற்றின் மீதுள்ள சுவை விலகாது. அச்சுவை மேலானதைக் கண்ட பின்னரே விலகும் என்கின்றான் கண்ணன். அவ்விடத்தில் எம்பெருமானார் ஒரு சிக்கலை எடுத்துக் காட்டுகின்றார். புலன்களை வென்றாலன்றி ஆத்மாவைக் காண இயலாது. ஆத்மாவைக் கண்டாலன்றிப் புலன்களை வெல்ல இயலாது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றால் மனிதன் எங்கே தொடங்குவது? சுபாச்ரயமாகிய என்னிடத்தில் மனத்தை வை என்பதே கண்ணன் காட்டும் வழி என்று பாஷ்யம் முடிக்கின்றது. சுபாச்ரயம் என்றால் மங்களமான பற்றுக்கோடு. அடக்கத்துக்கும் ஆதாரம் அவனே. காலை ஊன்ற இடமில்லாமல் புலன்களோடு போராடுகின்றவன், கீழே கூர்மம் இல்லாத மந்தரம் போல ஆழ்ந்து போவான்.

கடற்கரையில் ஒரு கடமை

ஸ்ரீகூர்மமூர்த்தி ஆமை வடிவிலேயே மூலவராய் எழுந்தருளியிருக்கும் அரிய திருத்தலம் ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீகூர்மம். அதற்கு அருகிலுள்ள வங்கக் கடலிலேதான் பங்குனி ஆமைகள் நீந்துகின்றன. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் அவை ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி முட்டையிடுகின்றன. தமிழகத்தின் கரைகளிலும் தை முதல் பங்குனி வரை இரவில் ஏறிவந்து, மணலைத் தோண்டி, நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. முன்னோரிடமிருந்து வந்த தோண்டும் தொழில் இன்றும் அவற்றை விட்டுப் போகவில்லை.

மாசி மகத்தன்று திருவல்லிக்கேணி முதலான திவ்யதேசங்களிலிருந்து எம்பெருமான் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளும் காலமும் அதுவே. அவன் திருவடி நிலைகள் படியும் அதே மணலின் கீழே ஆமைக் குஞ்சுகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் வெளிவரும் குஞ்சு, கடலின் மேல் தெரியும் ஒளியை நோக்கி ஓடும். கரையில் எரியும் மின்விளக்கைக் கண்டால் அதனையே கடல் என்று மயங்கி எதிர்த்திசையில் சென்று மாளும்.

ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. நீருக்கு மேலே வந்துதான் காற்றை வாங்க வேண்டும். இழுவலையில் அகப்பட்டு மேலே வர இயலாத ஆமை மூச்சு முட்டி இறக்கின்றது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கின்றது; ஆமை தப்பிச் செல்ல வழியமைத்த வலைகளும் உண்டு. எனினும் சட்டம் எட்டாத இடத்துக்கு தர்மம் எட்ட வேண்டும். கடலையே நம்பி வாழும் மீனவப் பெருமக்களைப் பழிப்பதால் பயனில்லை. அவர்கள் வயிற்றுக்கு ஊறு நேராமல் ஆமைக்கும் வழிவிடும் முறைகளுக்குத் துணைநிற்றலே அறம். தீர்த்தவாரிக்குச் செல்லும் அன்பர்கள் மணலில் கழிவுகளை எறியாதிருத்தலும், கரையோரம் வீடுடையோர் அந்த மாதங்களில் இரவு விளக்கைத் தணித்து வைத்தலும் எவராலும் இயலும் கைங்கர்யங்கள்.

இப்பொழுது திண்ணையில் காத்திருக்கும் பேரனுக்குப் பாட்டி சொல்லத்தக்க விடை எளிது. "உன் பள்ளியில் சொன்னதும் நிஜம்தான், கண்ணா. ஆமைக்கு ஓடு ஒரு நாளில் வரவில்லை. தன் விலாவையே கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக் கொடுத்து அது ஓடு பெற்றது. முதலில் அது ஒளிந்துகொள்ள வந்த ஓடு அல்ல, ஊன்றி நிற்க வந்தது. தாங்குவதற்கென்றே விரிந்த அந்த முதுகைப் பார்த்துத்தான், எல்லாரையும் தாங்குகிற பெருமாள், நானும் இப்படி இருக்கிறேன் என்று வந்தார்."

குழந்தை அவ்விடையை ஏற்றுக்கொண்டு உறங்கச் செல்லலாம். இன்னும் பத்துக் கேள்விகள் கேட்கவும் கேட்கலாம். கேட்கட்டும். கடைபவர்கள் தேவராயினும் அசுரராயினும் கயிற்றை இழுக்கும் வலிமை அவரவர்க்கு உண்டு. கீழே தாங்குகின்றவன் ஒருவன் உளன் என்ற உறுதி குன்றாதவரை எவ்வளவு கடைந்தாலும் மலை ஆழாது. அமுதமும் ஒருநாள் எழும்.

ஸ்ரீகூர்மநாதன் திருவடிகளே சரணம்.